18 டன் இழுக்கும் அமெரிக்க பிக்கப்பும் ஜிகணி கிரானைட் லோடும்

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தைச் சேர்ந்த ஒரு தம்பியின் கேள்வி இது. நகரத்துக்குத் தெற்கே ஜிகணியில் இருக்கிற பாலிஷ் யூனிட்டுகளிலிருந்து கிரானைட் ஸ்லாப் எடுத்து, நகரம் முழுக்க வீடு கட்டுகிற இடங்களில் இறக்குவது அவர் தொழில். இத்தனை நாள் வாடகை வண்டி, இப்போது சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் வாங்கப் போகிறார். அமெரிக்க ஹெவி டியூட்டி பிக்கப் 18 டன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலை ஏறுவதைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டிருக்கிறார்: "அதுவும் பிக்கப், இதுவும் பிக்கப். அதற்கு 1,600 நியூட்டன் மீட்டர் டார்க், நம் வண்டிக்கு 200, 250. நம் வண்டிகள் அவ்வளவு பலவீனமா? 2 டன் வண்டியில் 3 டன் ஏற்றினால் தாங்குமா? எதை வாங்கலாம்?"

ஓசூர் ரோட்டில் இருபது வருடமாகச் சரக்கு வண்டி ஓட்டியும் ஓட்டவைத்தும் வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த அமெரிக்க எண்கள். அவை உண்மைதான். ஃபோர்டு எஃப்-450 சூப்பர் டியூட்டியில் 6.7 லிட்டர் வி8 டீசல் எஞ்சின் வருகிறது. 2023 மாடலில் வந்த அதன் உயர் திறன் வகை 500 ஹெச்.பி., 1,200 பவுண்டு-அடி டார்க், அதாவது சக்கரத்தைச் சுற்ற வைக்கும் முறுக்குவிசை, தருகிறது. நம் கணக்கில் 1,627 நியூட்டன் மீட்டர். அந்த வண்டி அதிகபட்சமாக 40,000 பவுண்டு, அதாவது 18 டன்னுக்குச் சற்று மேல், டிரெய்லரில் இழுக்கும். ராம் 3500-ல் 6.7 லிட்டர் கம்மின்ஸ், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கிற எஞ்சின், கிட்டத்தட்ட 1,458 நியூட்டன் மீட்டர். செவர்லே சில்வராடோ ஹெச்.டி.யின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் 470 ஹெச்.பி., 1,322 நியூட்டன் மீட்டர்.

இப்போது நம் பக்கம். டாடா யோதா 2.0, 2022 செப்டம்பரில் வந்தது. 2.2 லிட்டர் டீசல், 100 ஹெச்.பி., 250 நியூட்டன் மீட்டர், 2 டன் லோடு. மஹிந்திரா பொலேரோ மேக்ஸ் பிக்கப் ஹெச்.டி. 2.0-வில் 2.5 லிட்டர் எஞ்சின், சுமார் 80 ஹெச்.பி., 220 நியூட்டன் மீட்டர், அதுவும் 2 டன். நம் பக்கத்து ஊரான ஓசூரிலிருந்து வரும் அசோக் லேலண்ட் தோஸ்த் குடும்பத்தைச் சேர்ந்த படா தோஸ்த் ஐ4, 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின், 80 ஹெச்.பி., 190 நியூட்டன் மீட்டர், 1,860 கிலோ.

இந்த எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்தான் தம்பிக்குக் குழப்பம் வந்திருக்கிறது. எதை நகர்த்த வேண்டுமோ அந்த மொத்த எடையால் வகுத்துப் பாருங்கள். ஃபோர்டு தன் எடையையும் டிரெய்லரையும் சேர்த்தால் ஏறக்குறைய 22 டன். 1,627-ஐ 22-ஆல் வகுத்தால் டன்னுக்கு 74 நியூட்டன் மீட்டர். யோதா 2 டன் லோடோடு, தன் எடையும் சேர்த்து, 4 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. 3.8 என்று வைத்துக்கொண்டால் டன்னுக்கு 66. ஹெச்.பி.யில் பார்த்தால் ஃபோர்டுக்கு டன்னுக்கு 23, யோதாவுக்கு 26. எனவே நம் வண்டி பலவீனமில்லை. அது சுமக்க வேண்டியதற்கு அளவாக அதன் எஞ்சினைப் போட்டிருக்கிறார்கள். அந்த அளவைத் தாண்டி 1 டன் கூட்டினால் டன்னுக்கு 66 இருந்தது 52-க்கு இறங்கிவிடும். பொலேரோவையோ படா தோஸ்தையோ எடுத்தால் இன்னும் கீழே போகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 18 டன் பிக்கப்பின் முதுகில் இல்லை, பின்னால் தனிச் சக்கரங்களில் வருகிறது. அப்படி இழுக்கும்போதுகூட டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம், கொக்கி வழியாகப் பிக்கப்பின் பின் அச்சில் உட்காரும். அதனால்தான் அவர்கள் கொக்கியை வண்டியின் வாலில் மாட்டாமல், பாடிக்கு நடுவில், பின் அச்சுக்கு நேர் மேலே மாட்டுகிறார்கள். பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் போடுவதும் அதனால்தான். முதுகில் மட்டும் ஏற்றுவது என்று வந்தால் அந்த ராட்சத வண்டிகளும் மூன்று டன், மூன்றரை டன்னில் நின்றுவிடும். அதிலும் அதிக லோடு எண் டீசல் வண்டிக்குக் கிடையாது, பெட்ரோல் எஞ்சின் போட்ட வண்டிக்குத்தான். டீசல் எஞ்சினே அரை டன் பக்கம் கனக்கும். மொத்த எடை வரம்பு ஒன்றுதான் என்பதால் எஞ்சின் கனத்தால் லோடு குறைகிறது. பல பேர் இதை நம்ப மாட்டார்கள், ஆனால் மூன்று கம்பெனிகளிலும் இதே கதைதான்.

நம் ஊரில் பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டிச் சரக்கு ஓட்டும் வழக்கமே இல்லை. எல்லாம் முதுகில்தான். ஆகவே உங்களுக்கு இழுப்புத் திறன் என்ற எண் தேவையே இல்லை. லோடு எவ்வளவு, அதை ஏற்றிய பிறகு பின் அச்சு எவ்வளவு தாங்குகிறது, இறக்கத்தில் பிரேக் எவ்வளவு நிற்கிறது, இந்த மூன்றும்தான் வேண்டும்.

டார்க்கைப் பற்றி ஒன்று மட்டும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதோடு, அது எந்த ஆர்.பி.எம்.மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது, கிடைக்கிறது என்றும் பாருங்கள். 1,400, 1,500 ஆர்.பி.எம்.மிலேயே முழு டார்க் வந்துவிட்டால், நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு மாதிரி இடத்தில் லோடோடு நின்று நின்று கிளம்பும்போது கிளட்சைத் தேய்க்க வேண்டியதில்லை. அப்புறம் கியர். முதல் கியர் 5 மடங்கு, பின் அச்சில் இருக்கிற கிரவுன் பல்சக்கரம் 4 மடங்கு என்று வைத்தால் எஞ்சினின் 200 நியூட்டன் மீட்டர் சக்கரத்தில் 4,000 ஆகிறது. விளம்பரத் தாளில் சாய்வு ஏறும் திறன் 30 சதவீதம் என்று போட்டிருந்தால், 100 மீட்டர் போவதற்குள் 30 மீட்டர் உயர்கிற ஏற்றத்தில் முழு லோடோடு முதல் கியரில் கிளம்பும் என்று பொருள். கட்டுமான இடங்களில் அடித்தளத்து ராம்ப்பில் ஏற இறங்க வேண்டியிருக்கும் உங்களுக்கு இந்த எண் முக்கியம்.

ஏற்றத்தைவிட எனக்குப் பெரிய கவலை இறக்கம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கிருஷ்ணகிரி நமக்கு 400 மீட்டர் கீழே. சேலத்துக்குப் போனால் நடுவில் தொப்பூர் இறக்கம். நீங்கள் இன்று நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறேன் என்பீர்கள். ஆறு மாதத்தில் யாராவது சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ ஒரு லோடு கேட்பார்கள், நல்ல வாடகை என்று போவீர்கள். நானும் அப்படித்தான் போனேன்.

2011. ஒன்றேகால் டன் பிக்கப்பில் 2 டன் ஸ்லாப். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே தேவையில்லை, தவறு வண்டியுடையது அல்ல. தொப்பூரில் நாலாவது கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். பாதி இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பின் பிரேக் டிரம்மிலிருந்து லைனர் கருகுகிற வாடை. முன்னால் ஒரு பால் வண்டி. மூன்று, இரண்டு என்று கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இடது ஓரத்து மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தினேன். கூட வந்த பையனுக்குப் பத்தொன்பது வயது. அவன் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான், அரைமணி நேரம் பேசவில்லை. பின்னால் நின்ற ஸ்லாப்புகள் கயிறு அறுந்து கேபின் மேல் சாய்ந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் இல்லை.

அன்று என்ன நடந்தது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 மீட்டருக்கு 6 மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். 3.8 டன் வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், வேகம் ஏறாமல் பிடித்து வைக்க ஏறக்குறைய 25 கிலோவாட் சூட்டை ஏதாவது ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். அதாவது 25 இஸ்திரிப் பெட்டிகள் ஒரே நேரத்தில் எரிகிற சூடு. இதில் கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும், மிச்சம் எல்லாம் எஞ்சினுக்கும் பிரேக்குக்கும். அதே சரிவில் 1 டன் கூடுதலாக ஏற்றி 60-ல் இறங்கினால் 47 இஸ்திரிப் பெட்டி. மொத்த எடை கூடியது கால் பங்கு, வேகம் ஒன்றரை மடங்கு, சூடோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டிரம் அதைத் தாங்காது. அமெரிக்க வண்டிகளில் டர்போவின் உள் இதழ்களை மூடிப் புகையைத் தடுத்து எஞ்சினையே பிரேக்காக்கும் வசதி உண்டு. 18 டன்னை அவர்கள் துணிந்து இறக்குவதற்கு 500 ஹெச்.பி.யைவிட அதுவும் டிரெய்லரின் சொந்த பிரேக்கும்தான் காரணம். நம் பிக்கப்பில் அந்த வேலையை இரண்டாம், மூன்றாம் கியர் செய்ய வேண்டும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற டிரைவரை வேலைக்கு வைக்காதீர்கள்.

சரி, 2 டன் வண்டியில் 3 டன். நேரடியாகச் சொல்கிறேன், வேண்டாம். காரணம் எஞ்சின் இல்லை, எஞ்சின் முக்கி முனகி இழுத்துவிடும். ஆபத்து கீழே இருக்கிறது. வெறும் வண்டியாக இருக்கும்போது பின் அச்சில் சுமார் 800 கிலோ நிற்கும். பாடியில் வைக்கிற லோடில் முக்கால் பங்கு பின்னால் போகும் என்று பிடித்தால், 2 டன்னுக்கு 1,500 கிலோ. மொத்தம் 2,300. இப்போது டயரின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அளவுக்கு அடுத்து 116/114 என்கிற மாதிரி இரண்டு எண் அச்சிட்டிருக்கும். முதல் எண் தனி டயருக்கு, இரண்டாவது ஜோடி டயருக்கு. 116 என்றால் ஒரு டயருக்கு 1,250 கிலோ, 114 என்றால் 1,180. பின்னால் இரண்டே டயர் உள்ள பிக்கப்புக்கு, 116 இருந்தால் 2,500 கிலோ வரம்பு. 2,300 அதற்குள் அடங்குகிறது. 3 டன் ஏற்றினால் பின் அச்சு 3,000-ஐத் தாண்டிவிடும். மே மாதத் தார் ரோட்டில் அந்த டயர் வெடிப்பதற்கு ஆணி வேண்டியதில்லை. உங்கள் டயரில் என்ன எண் இருக்கிறதோ அதை வைத்து இந்தக் கணக்கை நீங்களே போடுங்கள்.

பலரும் செய்வது, பட்டறையில் விட்டுப் பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போடுவது. வண்டி உட்காராமல் நிமிர்ந்து நிற்கும், பார்க்கத் தெம்பாக இருக்கும். ஆனால் கூடுதல் பட்டை டயரை மாற்றுவதில்லை, பிரேக்கை மாற்றுவதில்லை, பின் அச்சை மூடியிருக்கிற ஹவுசிங்கையும் பேரிங்கையும் மாற்றுவதில்லை. வண்டி உட்காருவதுதான் அது உங்களுக்குக் கொடுக்கும் ஒரே எச்சரிக்கை, அதையும் பட்டை போட்டு மறைத்துவிடுகிறோம். அமெரிக்க ஹெவி டியூட்டி வண்டிகளில் பின் அச்சின் எடையை ஹவுசிங் குழாயே தாங்குகிறது, உள்ளே இருக்கிற ஷாஃப்ட் சுற்றுவதை மட்டும் செய்கிறது. ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. நீங்கள் பார்க்கிற வண்டியில் அந்த அமைப்பு இருக்கிறதா என்று தெரிந்த மெக்கானிக்கை ஹப்பைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இருந்தால் கல் லோடுக்கு அது பெரிய பலம்.

கிரானைட் கணக்கு உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் வண்டியோடு சேர்த்துப் போட்டுப் பார்ப்போம். 20 மில்லிமீட்டர் ஸ்லாப் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ, 18 மில்லிமீட்டர் என்றால் நாலரை. 2,000 கிலோவில் நீங்களும் கூட வரும் ஆளும் 130 கிலோ. ஸ்லாப் சாய்த்து நிறுத்துகிற இரும்பு ஸ்டாண்ட் 150 கிலோ. மிச்சம் 1,720. 20 மில்லிமீட்டரில் 344 சதுர அடி. இதுதான் உங்கள் '2 டன் வண்டி' உண்மையில் தூக்குவது. கேபினும் சேஸிஸும் மட்டும் வாங்கி வெளியே பாடி கட்டினால், பாடி எடையும் இதில் கழியும். ஆர்.சி.யில் வெறும் எடை, மொத்த எடை இரண்டும் இருக்கும். அவற்றைக் கழித்தால் வருவதுதான் உங்கள் லோடு, ஷோரூமில் வாயால் சொல்கிற எண் இல்லை. இன்னொன்று, ஸ்லாப் நின்றுகொண்டு வருவதால் எடை உயரத்தில் இருக்கும், வளைவில் சாயும். ஸ்டாண்டைப் பாடித் தகட்டில் மட்டும் போல்ட் போடாமல் கீழே சேஸிஸ் குறுக்குச் சட்டத்தோடு பிடிக்கச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் சம எடை வையுங்கள், இறக்கும்போதும் மாற்றி மாற்றி இறக்குங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், லோடை இறக்கும் செலவும் உங்கள் தலையில். லைசென்ஸ் விஷயத்தில் நல்ல செய்தி உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியை, சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. நகரத்துக்குள் நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிக்கு இருக்கிற தடையைப் போக்குவரத்துப் போலீஸ் அவ்வப்போது மாற்றுவார்கள், வாடகை பேசும் முன்னால் அந்த நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வருகிற டீசல் வண்டி உங்களுக்குப் புதிது என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து வரும் டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் கரி நிரம்பியதும் வண்டியே அதை 600 டிகிரி பக்கம் சூடாக்கி எரித்துக்கொள்ளும். அந்தச் சூடு வர வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரம் சீராக ஓட வேண்டும். ஜிகணியில் லோடு ஏற்ற ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது, பிறகு பொம்மசந்திரா வரை ஊர்ந்து போவது, இதையே வாரம் முழுக்கச் செய்தால் எரிக்க வாய்ப்பே கிடைக்காது. டாஷ்போர்டில் விளக்கு எரியும். முதல் தடவை எரியும்போதே நகரத்துக்கு வெளியே சுற்றிப் போகும் நைஸ் ரோட்டில் இருபது முப்பது நிமிடம் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வந்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். அலட்சியம் செய்தால் வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும், பிறகு சர்வீஸ் சென்டர்தான். வடிகட்டியைக் கழற்றி எறிந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புகையைச் சுத்தம் செய்ய யூரியா திரவம் ஊற்றுகிற வகை வண்டியாக இருந்தால் சீல் உள்ள கேனை மட்டும் வாங்குங்கள்.

எதை வாங்குவது? டொயோட்டா ஹைலக்ஸைப் பற்றியும் சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நம் பிடதியில் உருவாகிற வண்டி, 2.8 லிட்டர், 204 ஹெச்.பி., ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர். அருமையான வண்டி. ஆனால் அது தூக்குவது அரை டன் அளவுதான். காடு மேடு ஓட்ட வேண்டியவர்களுக்கு அது, கல் வியாபாரத்துக்கு இல்லை.

உங்கள் லோடு பெரும்பாலும் 300 சதுர அடிக்குள் என்றால், 2 டன் பிக்கப்புகளில் ஒன்றை வாங்குங்கள். என் கை பொலேரோ மேக்ஸ் ஹெச்.டி. 2.0 பக்கம்தான் போகும். 10 அடி பாடி, நீள ஸ்லாப்புக்கு வசதி. ஓசூர் ரோட்டில் எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், விற்கப் போனாலும் விலை நிற்கும். ஏற்றம் இறக்கம் அதிகம், சேலம், தர்மபுரி லோடு வாரத்துக்கு இரண்டு வரும் என்றால் யோதாவின் 250 நியூட்டன் மீட்டர் கைகொடுக்கும். படா தோஸ்த் நகரத்துக்குள் திருப்ப சுகமானது, ஆனால் கல் லோடில் அந்த 140 கிலோ குறைவு 28 சதுர அடி. ஒவ்வொரு டிரிப்பிலும் அதை உணர்வீர்கள்.

தினமும் இரண்டரை, மூன்று டன் வருகிறது என்றால் பிக்கப்பையே விட்டுவிடுங்கள். 1986-லிருந்து ஓடுகிற டாடா 407 மாதிரி, பின்னால் டபுள் வீல் போட்ட சின்ன லாரி பக்கம் போங்கள், அதிலும் மூன்று டன்னை ஆர்.சி.யில் அனுமதிக்கிற மாடலாகப் பார்த்து. விலை கூடும், சந்துகளில் திருப்பச் சிரமம். ஆனால் மேலே போட்ட டயர் கணக்கைப் பின்னால் நான்கு டயரோடு மறுபடி போட்டுப் பாருங்கள், 114-க்கே 4,720 கிலோ வருகிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால், ஜிகணியில் நீங்கள் பார்த்திருக்கிற அதே மாடல் வண்டிக்காரர் ஒருவரிடம் பேசி, லோடு ஏற்றியதும் எடை மேடைக்குக் கூட்டிப் போங்கள். முழு வண்டியை ஒருமுறை, முன் சக்கரத்தை இறக்கிவிட்டுப் பின் அச்சை மட்டும் இன்னொரு முறை எடை போடுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். அந்த இரண்டாவது சீட்டையும் டயரில் இருக்கிற எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். 600 சதுர அடிக்கு ஆர்டர் வந்தால் காலையில் 300, மத்தியானம் 300 என்று இரண்டு டிரிப் வாடகையாகப் பேசுங்கள். வீடு கட்டுகிறவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள், நான் 2011-லிருந்து அப்படித்தான் பேசிவருகிறேன்.